‘இமேஜ்’ என்று மட்டும் சொன்ன புத்தகங்கள்

சில வருடங்களுக்கு முன்பு, மும்பையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு ஜூலை மாதத்து முற்பகலில், செம்பூரில் இருக்கும் என் அலுவலகத்தில் நடந்தது இது.

நூலகர் என்று சொன்னால் எல்லோருக்கும் அலமாரிகளும் நீள மேசைகளும்தான் ஞாபகத்துக்கு வரும். என்னிடம் அதெல்லாம் கிடையாது. நான் வேலை பார்ப்பது ஓர் ஆன்லைன் பல்கலைக்கழகத்தில். பாடம், அசைன்மென்ட், நூலகம் எல்லாமே மொபைலிலும் கம்ப்யூட்டரிலும்தான். பரீட்சைக்கு மட்டும் மாணவர்கள் நேரில் ஒரு மையத்துக்குப் போவார்கள். எங்கள் நூலகம் என்பது மூன்றாவது மாடியில் ஓர் அறை, மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரு ஸ்கேனர். அந்த அறையில் ஒரு புத்தகம்கூட இல்லை. மாணவர்கள் யாரும் அங்கே வருவதில்லை. எனக்கு அவர்கள் திரையில் ஓடும் பெயர்கள், எண்கள். அவ்வளவுதான்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த தவறு எங்கிருந்து வந்தது என்று புரியாது.

நான் பிறந்து வளர்ந்தது மாட்டுங்காவில். அப்பா ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. பத்தாவது பரீட்சை முடிந்த லீவிலேயே என்னை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார். அங்கேதான் எந்திரங்களின் மேல் எனக்குப் பிரியம் வந்தது. எந்தச் சாவியைத் தட்டினால் எந்த எழுத்து விழும் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. தப்பு வந்தால் அது என் தப்பு, சரியாக வந்தால் அது என் சாமர்த்தியம். மற்ற பெண்கள் விரல் வலிக்கிறது என்பார்கள். எனக்கோ அதற்குள் ஒரு மணி நேரம் முடிந்துவிட்டதே என்று இருக்கும்.

லைப்ரரி சயின்ஸ் படித்துவிட்டு ஒரு கல்லூரி நூலகத்தில் சேர்ந்தேன். அப்போது எல்லாம் அட்டைகள்தான். சில வருடங்களில் முதல் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குத் துணியில் உறை தைத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். என்னைவிட மூத்தவர்கள் அதன் பக்கமே வரவில்லை. நான் டிபன் டப்பாவைத் திறக்காமல் சாப்பாட்டு நேரத்திலும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். அட்டைகள் அத்தனையையும் அதில் ஏற்றியது நான்தான். அப்புறம் பார்கோடு வந்தது, இன்டர்நெட் வந்தது. எது புதிதாக வந்தாலும் ‘அந்த மேடத்தைக் கூப்பிடுங்க’ என்றார்கள். அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. ஐம்பது வயதை நெருங்கும்போது, என் வயதில் பாதிகூட இல்லாதவர்களோடு போட்டி போட்டுத்தான் இந்த ஆன்லைன் பல்கலைக்கழக வேலையை வாங்கினேன்.

இங்கே வந்ததும் நான் செய்த முதல் பெரிய வேலை, பல்கலைக்கழகம் அச்சிட்டிருந்த பழைய பாடப் புத்தகங்களை ஸ்கேன் செய்து ஏற்றியது. ஆய்வுக்குழு வரப்போகிறது, அதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரம். ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு பக்கமும் ஒரு போட்டோவாகத்தான் பதியும். அந்தப் போட்டோவில் இருக்கும் எழுத்துகளைக் கம்ப்யூட்டர் எழுத்தாகவே அடையாளம் கண்டுகொள்ளும்படி மாற்றுவது தனி வேலை. மாற்றிய பிறகு வரிவரியாகச் சரிபார்க்கவும் வேண்டும். அதற்கு இன்னும் பல மாதங்கள் பிடிக்கும் என்றார்கள். “அது வேண்டாம், விட்டுடுங்கோ. எல்லாரும் கண்ணாலதானே படிக்கப் போறா” என்று சொன்னது நான்தான். கெடுவுக்கு முன்னாலேயே வேலையை முடித்தேன். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் ‘ஸ்கேன் செய்தவர்’ என்று என் பெயரையும் போட்டுக்கொண்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. ஆசைக்குப் போட்டுக்கொண்டதுதான்.

அந்த வருடம் ஒரு தொல்லை வந்தது. சில மாணவர்கள் தங்கள் லாகினை வெளியாட்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்று தெரியவந்தது. அதற்காக ஒரு மென்பொருள் போட்டார்கள். ஒரே லாகின் கொஞ்ச நேரத்துக்குள் வெவ்வேறு ஊர்களிலிருந்து திறக்கப்பட்டால் அந்தப் பெயர் என் திரையில் சிவப்பாக மாறும். அதோடு மென்பொருளின் வேலை முடிந்தது. கணக்கைப் பூட்டுவதா வேண்டாமா என்பதை ஒரு மனிதர் விசாரித்து முடிவு செய்ய வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருந்தது. அந்த மனிதர் நான்.

ஜூன் முதல் வாரத்தில் சிவப்பான பெயர்களில் ஒன்று, பி.ஏ. சோஷியாலஜி கடைசி வருடம் படிக்கும் ஒரு மாணவியுடையது. ஒரே மதியத்தில் தாராவி, கோவண்டி, உல்லாஸ்நகர் என்று மூன்று இடங்களிலிருந்து திறந்திருந்தது. மூன்று இடத்திலும் ஒரே புத்தகம், வேறு வேறு பாடம். நான் விசாரிக்கவில்லை. இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நாலைந்து நாளில் சாட்டில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. லாகின் இல்லாதவர்களும் எங்களுக்கு எழுதுவதற்காக வைத்திருந்த சாட் அது. ஆங்கிலத்தில், புள்ளியும் கமாவும் இல்லாமல், வார்த்தைகள் முன்னும் பின்னுமாகக் கிடந்தன. நடுவில் ‘ஐ ஆம் பிஹைண்ட்’ என்று ஒரு வரி. பாடத்தில் பின்தங்கிவிட்டார் போலிருக்கிறது, அதற்குச் சலுகை கேட்கிறார் என்று நினைத்தேன். இந்த மாதிரி ஆட்களுக்கு அனுப்ப நானே எழுதி வைத்திருந்த பதில் ஒன்று உண்டு. ‘விதிமீறல் காரணமாக உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது’ என்று ஆரம்பிக்கும். ஒரு க்ளிக்கில் போய்விடும். மொத்தம் ஐந்து தடவை எழுதினார். ஐந்து தடவையும் அதே பதிலை அனுப்பினேன். அதற்கப்புறம் எழுதவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

அந்த ஜூலை முற்பகலில், என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். இருவருடைய புர்காவும் முழங்கால் வரை மழையில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. மூத்தவர் இளையவரின் முழங்கைக்கு மேலே பிடித்தபடி அரை அடி பின்னால் நின்றார். இளையவர் அறையைச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “லைப்ரரி கிதர் ஹை?” என்று இந்தியில் கேட்டார்.

“யஹீ ஹை” என்றேன், இதுதான் லைப்ரரி என்று.

அவர் மூத்தவரின் பக்கம் திரும்பி, தமிழில் மெதுவாகச் சொன்னார்: “லாத்தா, இங்க புக்கே இல்ல. மூணு கம்ப்யூட்டருதான் இருக்கு.”

லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. தமிழைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. “தமிழா? வாங்கோ, உக்காருங்கோ” என்று நாற்காலியைக் காட்டினேன். தங்கை அக்காவின் கையை எடுத்து நாற்காலியின் முதுகில் வைத்தார். அக்கா அதைத் தடவிப் பார்த்து, இருக்கை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்குக் கண் தெரியாது என்று எனக்குப் புரிந்தது. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும்.

“மேடம், ஒரு மாசமா என் அக்கவுண்டு பந்த் ஆயிக் கெடக்கு” என்றார். “அஞ்சு தடவ எழுதுனேன். அஞ்சுக்கும் ஒரே பதிலுதான் வருது. மெசினுதான் பதிலு போடுது, மனுசங்க யாரும் பாக்கலன்னு இவ சொன்னா. அதான், மனுசங்க யாரும் இருந்தா நேர்ல பேசிருவோம்னு வந்தோம்.”

அந்த மெஷின் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதிவு எண்ணைக் கேட்டேன். மூச்சு விடாமல் மனப்பாடமாகச் சொன்னார். தட்டினேன். தாராவி, கோவண்டி, உல்லாஸ்நகர். உடனே ஞாபகம் வந்துவிட்டது.

“உங்க லாகினை மூணு பேர் உபயோகப்படுத்தியிருக்காளே?” என்றேன். என் குரலில் கொஞ்சம் கண்டிப்பு இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

“ஆமா மேடம், நான்தான் குடுத்தேன்” என்றார், கொஞ்சமும் தயங்காமல். “கோவண்டியில இவ இருக்கா. அங்கன்வாடியில வேல. உல்லாஸ்நகர்ல என் தம்பி, ஜீன்ஸ் தைக்கிற பட்டறையில இருக்கான். தாராவியில என்கூட என் மாப்ள, வீட்டுக்காரரு. ஆளுக்கொரு பாடமாப் பிரிச்சு வாசிச்சு, ரெக்கார்டு பண்ணி அனுப்புதாங்க. நான் கேட்டுக் கேட்டுப் படிக்குதேன். அசைன்மென்டு நான் சொல்லச் சொல்ல இவ டைப் பண்ணுவா.”

“கண் தெரியாதவாளுக்கு மொபைலே படிச்சுக் காட்டுமே? அந்த வசதியெல்லாம் வந்தாச்சே” என்றேன். எங்கோ படித்திருந்தேன். தெரிந்தவள் என்று காட்டிக்கொள்ளத்தான் சொன்னேன்.

அவர் பையிலிருந்து மொபைலை எடுத்தார். விரல் படப்பட அது பேசியது. மெசேஜ், கடிகாரம், சார்ஜ் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னது. கணக்குப் பூட்டப்படுவதற்கு முன் தங்கை சேமித்து வைத்திருந்த எங்கள் புத்தகம் ஒன்றைத் திறந்து மேசைமேல் வைத்தார். ‘பேஜ் ஒன். இமேஜ்’ என்றது மொபைல். விரலால் தள்ளினார். ‘பேஜ் டூ. இமேஜ்.’ மறுபடி தள்ளினார். ‘பேஜ் த்ரீ. இமேஜ்.’ நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே போனார். ஏசியின் இரைச்சலுக்கு நடுவே அந்த ஒரு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

“வெளில இருக்க மத்த புக்கெல்லாம் அழகா வாசிக்குது மேடம். நம்ம லைப்ரரி புக்க மட்டும் வாசிக்க மாட்டேங்குது. ஒவ்வொரு பக்கமும் போட்டோவாம்.”

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவரே தொடர்ந்தார்: “எனக்கு வாசிக்கும்போது மொதப் பக்கத்துல இருந்து ஒரு எழுத்து விடாம வாசிக்கணும்னு சொல்லிருவேன். எல்லாப் புக்குலயும் மொதல்ல ஒரு பேரு வரும், ஸ்கேன் பண்ணவங்கன்னு. கேட்டுக் கேட்டு மனப்பாடமே ஆயிட்டு.” என் பெயரை, இனிஷியலோடு, சொன்னார். “அவங்களப் பாத்தா இத மட்டும் கேக்கணும்னு இருந்தேன். அவங்க இங்கதான் இருக்காங்களா மேடம்?”

தங்கையின் கண்கள் என் மேசையில் இருந்த பெயர்ப் பலகைக்குப் போய்விட்டன.

“நான்தான்” என்றேன்.

“ஓ” என்றார். “அப்ப அந்த மெசேஜுக்குப் பதில் போட்டது?”

“அதுவும் நான்தான்.”

அவர் கோபப்படவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, “நான் பிளைண்டுன்னு சொல்லித்தானே மேடம் எழுதுனேன்?” என்று கேட்டார்.

சாட்டைத் திறந்து அந்த ஐந்து செய்திகளையும் பார்த்தேன். தங்கையும் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். அக்கா மொபைலிடம் வாயால் சொல்லியிருக்கிறார். ‘பிளைண்ட்’ என்று அவர் சொன்னதை மொபைல் ‘பிஹைண்ட்’ என்று எழுதியிருக்கிறது. மூன்று செய்திகளில் அப்படி. மற்ற இரண்டில் அந்த வார்த்தையே விழவில்லை.

“பேசி முடிச்சதும் அனுப்பிருவேன். அது என்ன எழுதிச்சுன்னு திரும்ப வாசிக்க வச்சுக் கேட்டதில்லயே.” என்றார் அக்கா.

கண் தெரியாது என்பதை அட்மிஷன் படிவத்திலும் அவர் குறிப்பிட்டிருந்தார். அந்த விவரம் அட்மிஷன் பிரிவில் இருந்தது. நூலகத்தின் திரைக்கு அது வருவதில்லை. வர வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதும் இல்லை. இதையெல்லாம் விடுங்கள். ‘நீங்கள் என்ன சொல்கிறீர்கள், புரியவில்லையே’ என்று ஐந்தில் ஒரு தடவை நான் திருப்பிக் கேட்டிருந்தால் போதும்.

“அது கெடக்கட்டும் மேடம். இப்பத் தொறந்து விட்டுருங்க. அசைன்மென்டு எல்லாம் ரெடியா இருக்கு. போட்டுட்டாப் பரீட்ச எழுதிருவேன்” என்றார்.

ஒரு நொடியில் திறந்துவிட்டேன். அசைன்மென்ட் பக்கத்துக்குப் போனேன். அங்கே அசைன்மென்டை ஏற்றும் கட்டம் அழுத்த முடியாதபடி சாம்பல் நிறமாக இருந்தது. கடைசி நாள் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. நான் நூலகத்தைத்தான் பூட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே லாகின் என்பதால் அவருடைய அசைன்மென்ட், பரீட்சைப் பதிவு எல்லாமே சேர்ந்து பூட்டிக்கொண்டிருந்தது. அசைன்மென்ட் இல்லாதவர்களுக்கு ஹால் டிக்கெட் இல்லை. ஹால் டிக்கெட் பட்டியலும் தேர்வு மையங்களுக்குப் போய்விட்டிருந்தது.

அதைச் சொன்னபோது தங்கை அழுதுவிட்டார். அக்கா அழவில்லை. கையிலிருந்த மொபைலை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, “ஒரு ஆபீஸுல டெலிபோன் வேல இருக்கு மேடம். கண்ணு தெரியாதவங்களுக்குன்னே ஒதுக்குனது. டிகிரி இருக்கணும். இந்த வருசம் முடிச்சிட்டா எழுதிப் போடலாம்னு இருந்தேன். அடுத்த வருசம்னா எனக்கு வயசு தாண்டிரும்” என்றார்.

இரண்டு நாள் டைம் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். மழை விட்டிருக்கவில்லை. தங்கை கோவண்டியிலிருந்து செம்பூரைத் தாண்டித் தாராவிக்குப் போய், அக்காவை அழைத்துக்கொண்டு மறுபடி செம்பூருக்கு வந்திருக்கிறார் என்பது அவர்கள் போன பிறகுதான் உறைத்தது. ஒரு ஆட்டோ பிடித்துக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கே இரண்டாவது மாடியில் இருக்கும் தேர்வுப் பிரிவுக்குப் போனேன். அங்கே அதிகாரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “சிஸ்டம் லாக் ஹோ கயா, மேடம். அப் குச் நஹீ ஹோ சக்தா” என்றார். இனி ஒன்றும் செய்ய முடியாதாம். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். இத்தனை வருடங்கள் நான் மற்றவர்களிடம் பேசிவந்தது அப்படித்தான்.

நான் விடாமல் நிற்கவே, துணைவேந்தருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்றார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார். மென்பொருள் தானாகவே பூட்டிவிட்டது என்று எழுதுங்கள், எதற்கு வீணாக நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள், அந்தப் பெண் லாகினை நாலு பேருக்குக் கொடுத்தது தப்புதானே என்றார்.

மறைக்காமல் சொல்கிறேன். நான் முதலில் அடித்த கடிதம் அப்படித்தான் இருந்தது. ‘மென்பொருளால் தானாகவே முடக்கப்பட்டது’ என்று ஒரு வரி. ரிடையர் ஆக அதிக வருடங்கள் இல்லை. வாழ்க்கை முழுக்க ஒரு மெமோ வாங்காதவள். அந்த வரியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எந்திரங்களைத் தெரிந்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு எந்திரத்தின் தலையில் என் தப்பைப் போடுகிறேன். அதை அழித்தேன். விசாரிக்காமல் பூட்டியது நான், ஐந்து முறையும் படிக்காமல் பதில் அனுப்பியது நான், புத்தகங்களைக் கண் தெரியாதவர்கள் படிக்க முடியாதபடி ஏற்றியதும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு மெமோ வந்தது. அது பரவாயில்லை. ஆனால் நான் கேட்டது கிடைக்கவில்லை. அசைன்மென்டை ஏற்றுக்கொள்கிறோம், பரீட்சை மட்டும் அடுத்த வருடம்தான் என்று முடிவு சொல்லிவிட்டார்கள். இன்னொரு முறை எழுதிக் கேட்டேன். அதே பதில்தான் வந்தது.

இதை ஃபோனில் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் தாராவிக்குப் போனேன். மாட்டுங்காவில் பிறந்தவள் நான். நடந்தே போய்விடக்கூடிய தூரம். அத்தனை வயது வரைக்கும் அதன் உள்சந்து ஒன்றுக்குள்கூடக் கால் வைத்ததில்லை. தங்கை சந்து முனையில் வந்து காத்திருந்து அழைத்துப் போனார். கீழே அக்காவுடைய கணவரின் பை தைக்கும் பட்டறை. மேலே வீடு. இரும்பு ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கணவர் மெஷினை நிறுத்திவிட்டு என் பின்னால் ஏறி வந்தார்.

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, பைகளுக்கான ஜிப்பில், இழுத்து மூடும் ரன்னரைக் கோத்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் அத்தனை வேகமாக, அத்தனை சரியாக ஓடின. பக்கத்தில் உட்கார்ந்து, முடிவைச் சொன்னேன்.

“அப்ப இந்த வருசம் இல்ல” என்றார். கை நிற்கவில்லை.

“இல்லை” என்றேன்.

கணவர் நின்ற இடத்திலேயே நின்றார். “நான் கொஞ்சம் வேகமா வாசிச்சுக் குடுத்திருந்தா, இவ முன்னாடியே எழுதி அனுப்பிருப்பா மேடம். நான் எட்டாப்பு வரைக்கும்தான். இங்கிலீசு பெரிய பெரிய வார்த்தையா வரும். நிண்ணு நிண்ணுதான் வாசிப்பேன்” என்றார்.

நான் செய்த தப்புக்கு அவர் தன்னைக் குறை சொல்லிக்கொண்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அவரு வாசிக்கிறதக் கேக்குதீங்களா?” என்று அந்தப் பெண் மொபைலை எடுத்து ஒரு ரெக்கார்டிங்கைப் போட்டார். கணவர் கூச்சத்தோடு வேண்டாம் என்று கையை ஆட்டியது அவருக்குத் தெரிந்திருக்காது. மெஷின் ஓடும் சத்தம், யாரோ இந்தியில் கூப்பிடும் சத்தம், அதற்கு நடுவே அவருடைய குரல் ஒவ்வொரு வார்த்தையாக நடந்தது. ஓரிடத்தில் நின்றது. இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு, அந்த வார்த்தையை எழுத்து எழுத்தாகச் சொன்னது: “பி... யு... ஆர்... இ... ஏ... யு...” கடைசி எழுத்து வரைக்கும் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த வார்த்தைக்குப் போனது. வாசிக்கத் தெரியாத வார்த்தையைக்கூட அவர் விட்டுவிடவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “அடுத்த பரீட்சை வரைக்கும் நான் வாசிச்சுக் குடுக்கறேம்மா. ஞாயிற்றுக்கிழமை நேர்ல வரேன். மத்த நாள் ஃபோன்ல வாசிக்கறேன். எத்தனை நேரம் வேணும்னாலும்...” என்றேன்.

அப்போதுதான் அவருடைய கைகள் நின்றன. ஜிப்பை மடியில் வைத்துவிட்டு, என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

“எனக்கு வாசிக்க ஆளு இருக்கு மேடம். நீங்க புக்கச் சரி பண்ணுங்க.”

குரலில் கோபமில்லை. ஒரு வேலையைச் சரியாகச் செய்யச் சொல்லும்போது எப்படிச் சொல்வோமோ அப்படித்தான் இருந்தது. ஏணியில் இறங்கப் போனவளை மறுபடியும் கூப்பிட்டு, “என்னய மாதிரி வேற யாரையும் பூட்டி வச்சிருக்கீங்களான்னும் பாருங்க” என்றார்.

திங்கட்கிழமை போய், அதுவரை நான் பூட்டிய எல்லாக் கணக்குகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்காக ஃபோன் போட்டேன். பலர் நிஜமாகவே லாகினை வெளியே கொடுத்தவர்கள்தான். விஷயத்தைச் சொன்னதும் இணைப்பைத் துண்டித்தார்கள். ஆனால் ஒருவர் ரயிலில் உணவுப் பிரிவில் வேலை செய்பவர். ஓடும் ரயிலில் உட்கார்ந்து படித்திருக்கிறார், அதனால்தான் ஊர் ஊராகக் காட்டியிருக்கிறது. “படிப்ப விட்டுட்டேன் மேடம், இனிமே எதுக்கு?” என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், திரும்பி வரவில்லை. இன்னொரு பெண்ணின் எண் உபயோகத்திலேயே இல்லை. அவர் யார், எதற்காக இரண்டு இடங்களிலிருந்து திறந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புத்தகங்களைச் சரிசெய்யும் வேலையை அவருடைய கடைசி வருடப் பாடங்களிலிருந்து ஆரம்பித்தேன். பழைய அச்சில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டர் ஒன்றை வேறொன்றாகப் படிக்கும். வரிவரியாகப் பார்த்துத் திருத்தினேன். முதலில் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே வேலை. மொத்தத்தையும் முடிக்க வருடக்கணக்கில் ஆனது. ஒவ்வொரு புத்தகத்தையும் என் மொபைலைப் பேசவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினேன். முதல் பக்கத்தில் என் பெயர் இருந்த வரியை எடுத்துவிட்டேன்.

அவர் அடுத்த வருடம் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தார். அந்த டெலிபோன் வேலை அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது. இப்போதும் ஜிப் கோத்துக்கொண்டே வேறு வேலைகளுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறார். பழைய மாணவர்கள் எங்கள் புத்தகங்களைத் தொடர்ந்து படிக்கலாம். அதனால் எப்போதாவது அவரிடமிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். “மேடம், நாலாவது பாடத்துல டேபிள் வாசிக்கல” என்பார். நலமா என்றெல்லாம் கேட்க மாட்டார். நான் அதைச் சரிசெய்துவிட்டு, “பண்ணிட்டேன், பாருங்கோ” என்று என் குரலிலேயே பதில் அனுப்புவேன்.

என்னை மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. எந்திரங்களின் மேல் எனக்கிருக்கும் பிரியமும் போய்விடவில்லை. புதிதாக ஏதாவது வந்தால் இப்போதும் முதலில் பிரித்துப் பார்ப்பது நான்தான். ஆனால் யாருடைய கணக்கையாவது முடக்க வேண்டும் என்று வந்தால், முதலில் அவருக்கு ஃபோன் போட்டுவிடுகிறேன். மறுமுனையில் ‘ஹலோ’ என்று ஒரு குரல் கேட்கும்போதெல்லாம், முகம் தெரியாத ஒருவரின் ஒரு வருடம் என் ஒற்றை விரலின் கீழ் இருக்கிறது என்று மனம் நடுங்குகிறது. அந்த நடுக்கம் விட்டுப்போகும் நாளில் இந்த வேலைக்கு நான் லாயக்கில்லாதவளாகிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.